விழைவுக்கும் களவுக்கும் இடையே



இணையவழி மோசடிகளால் இந்திய மக்கள் 2023ஆம் ஆண்டில் இழந்த தொகை 7,465 கோடி ரூபாய். அடுத்த ஆண்டாகிய 2024இல் அது 22,845 கோடி ரூபாயாகப் பெருகியது. நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கு இது. புகார் அளித்தோரின் இழப்பு மட்டுமே இக்கணக்கில் அடங்கும். நாணத்தால் வாய் திறவாதோரின் இழப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. முப்பது ஆண்டு உழைத்துப் பெற்ற ஓய்வுக்காலப் பணமும், மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த சிறுவாட்டுப் பணமும், நிலம் விற்று வங்கியில் இட்டு வைத்த வைப்புத் தொகையும் இதில் அடங்கியுள்ளன.

இத்தகைய செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் எழும் வினா, ‘இப்படியும் செய்வார்களா?’ என்பதே. அதற்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒரே சொல்தான்: பேராசை. இவ்விடை பொய்யன்று, ஆனால் முழுமையானதும் அன்று. வள்ளுவப் பெருந்தகை பிறர் பொருளை விரும்பாதிருத்தலை ‘வெஃகாமை’ என 18ஆம் அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளை வஞ்சித்துக் கவராதிருத்தலைக் ‘கள்ளாமை’ என 29ஆம் அதிகாரத்தில் வைத்தார். முன்னது இல்லறவியலில் உள்ளது. பின்னது துறவறவியலில் உள்ளது. விழைவும் களவும் அண்டை வீடுகளே. ஆயினும் ஒரே வீடு அல்ல. விழைவு உலகெங்கும் எல்லா மனிதரிடத்தும் உண்டு. அவ்வாறாயின், சில ஊர்களில் மட்டும் அது களவாக முதிர்வது ஏன்? விழைவிலிருந்து களவுக்குச் செல்லும் பாலத்தை அங்கே கட்டித் தருவது எது? இவ்வுரை ஆராய முற்படுவது இதுவே.

வறுமை மட்டுமே காரணமா?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்தம் துணைவரும் 2024 ஏப்ரலில் ஒரு பட்டியலை வெளியிட்டனர். இணையக் குற்றங்களை ஆராயும் வல்லுநர் 92 பேரிடம் கருத்துக் கேட்டு, இக்குற்றங்கள் எந்நாடுகளில் வேர்கொண்டுள்ளன என அவர்கள் வரிசைப்படுத்தினர். ரஷ்யா, உக்ரைன், சீனா, அமெரிக்கா, நைஜீரியா, ருமேனியா, வட கொரியா, பிரிட்டன், பிரேசில், இந்தியா என்பன முதற்பத்து இடங்களைப் பெற்றன.

இவ்வரிசை சிந்திக்கத்தக்கது. வறுமைதான் காரணம் எனின், உலகின் மிக வறிய நாடுகள் முதலிடத்தில் இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லை. செல்வம் மிக்க அமெரிக்காவும் பிரிட்டனும் பட்டியலில் உள்ளன. இன்னும் பத்து நாடுகளையும் ஒருங்கே நோக்கினால், ஒவ்வொன்றிலும் நிகழும் குற்றத்தின் வகை வேறு. அதற்கான காரணமும் வேறு. ஆகவே சில ஊர்களைத் தனித்தனியே சென்று காண்பது நலம்.

கட்டணம் செலுத்த இயலாத மாணவர்

முதலாவது, பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர் மணிலா. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என ஆங்கிலத்தில் தலைப்பிட்ட மின்னஞ்சல் ஒன்று உலகைச் சுற்றி வந்தது. அதனுடன் இணைக்கப்பட்டிருந்த மடலைத் திறந்தோரின் கணினியில் நச்சுநிரல் புகுந்து, கோப்புகளைச் சிதைத்து, முகவரி ஏட்டில் இருந்த அனைவருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. பிரிட்டன் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சல் அமைப்பையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் தப்பவில்லை.

அந்நிரலை எழுதியவர் 24 வயது நிரம்பிய ஒனெல் டி குஸ்மான் என்னும் கணினிக் கல்லூரி மாணவர். உலகை அழிப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. அந்நாளில் இணைய இணைப்பு மணிலாவின் எளிய மாணவர்க்கு எட்டாத விலையில் இருந்தது. பிறருடைய இணையக் கடவுச்சொற்களைக் கவர்ந்து கட்டணமின்றிப் பயன்படுத்தவே அவர் விரும்பினார். இருபது ஆண்டுகள் கழிந்த பின், மணிலாவில் கைபேசி பழுதுபார்க்கும் சிறு கடையில் தம்மைத் தேடி வந்த பிரிட்டன் பத்திரிகையாளரிடம் இதனை அவரே ஒப்புக்கொண்டார். அவர்மீது வழக்கு நிலைக்கவில்லை; அச்செயலைக் குற்றமெனக் கூறும் சட்டம் அன்று அந்நாட்டில் இல்லை. அடுத்த மாதமே, 2000 ஜூனில், அதற்கெனச் சட்டம் ஒன்று பிறந்தது. முன்னர் நிகழ்ந்த செயலுக்கு அது பொருந்தவில்லை.

கண்முன் தெரிந்தும் கைக்கு எட்டாத வசதி, சட்டத்தில் இருந்த ஓட்டை என்னும் இரண்டும் இங்கே பாலத்தின் பலகைகள் ஆயின.

வேலை கேட்டு வந்த கள்வர்

அதே ஆண்டில் ரஷ்யாவில் நிகழ்ந்தது வேறு கதை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. கணிதத்திலும் பொறியியலிலும் உலகோர் வியக்கும் பயிற்சியை அளித்த கல்வி அமைப்பு எஞ்சியிருந்தது. அக்கல்வியைப் பயன்படுத்தும் தொழில்கள் சரிந்தன. அறிவியலாளருக்கும் ஆசிரியருக்கும் மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை. 1998 ஆகஸ்டில் ரூபிள் நாணயத்தின் மதிப்பு வீழ்ந்து, சேமிப்புகள் கரைந்தன.

யூரல் மலைப்பகுதியின் செல்யாபின்ஸ்க் என்னும் தொழில் நகரில் வாழ்ந்த அலெக்சி இவானோவ், வசிலி கோர்ஷ்கோவ் என்னும் இரு இளைஞர்கள், அமெரிக்க வங்கிகள், வணிக நிறுவனங்கள் ஆகியவற்றின் கணினிகளுக்குள் தம் ஊரிலிருந்தே புகுந்தனர். புகுந்த பின் அந்நிறுவனங்களுக்கு அவர்கள் விடுத்த செய்தி வியப்புக்குரியது. உங்கள் கணினியில் குறைகள் உள்ளன. எங்களைப் பணிக்கு அமர்த்துங்கள். திருத்தித் தருகிறோம் என்பதே அதன் சாரம். அது மிரட்டல்தான், ஆனால் வேலை கேட்கும் விண்ணப்பத்தின் வடிவில் வந்த மிரட்டல்.

அமெரிக்கப் புலனாய்வுத் துறை அந்த ஏக்கத்தையே தூண்டிலாக்கியது. சியாட்டில் நகரில் ‘இன்விடா’ என்னும் பெயரில் ஒரு போலி நிறுவனத்தை அமைத்து, நேர்முகத் தேர்வுக்கு வருமாறு இருவரையும் அழைத்தது. 2000 நவம்பரில் அவர்கள் வந்தனர், தம் திறமையைக் காட்டினர், கைதாயினர். நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. திறமைக்குத் தகுந்த வேலை உள்ளூரில் இருந்திருப்பின் அக்கடல் கடந்த பயணம் வேறு விதமாக அமைந்திருக்கக்கூடும்.

ருமேனியாவின் ரம்னிகு வல்சியாவும் இவ்வகைப்பட்டதே. கார்பேத்திய மலையடிவாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் ஊர் அது. 1989இல் பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த பின் வந்த ஆண்டுகளில், அவ்வூர் இளைஞர்கள் இல்லாத பொருள்களை இணைய ஏலத்தில் விற்கக் கற்றனர். அமெரிக்கர் பணம் அனுப்புவர். பொருள் வந்து சேராது. சிறிது காலத்தில் அவ்வூர்த் தெருக்களில் விலையுயர்ந்த ஜெர்மானியக் கார்கள் ஓடின. ஒருவன் கார் வாங்கினான். பக்கத்து வீட்டு இளைஞன் அவனிடமே தொழில் கற்றான். நெசவும் மண்பாண்டமும் சில ஊர்களில் வழிவழியாகத் தங்குவதுபோல மோசடியும் ஓர் ஊர்த்தொழிலாகத் தங்கியது.

ரஷ்யாவில் இன்னொரு பலகையும் சேர்ந்தது. தன் குடிமக்களைப் பிற நாட்டிடம் ஒப்படைக்கலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. அங்குத் தோன்றிய பிணைத்தொகை நிரல்கள் பல, ஒரு கணினியில் ரஷ்ய மொழி அமைக்கப்பட்டிருப்பதைக் கண்டால் எத்தீங்கும் செய்யாமல் விலகிவிடுமாறு எழுதப்பட்டவை. உள்ளூராரைத் தொடாதவரை உள்ளூர்ச் சட்டம் நம்மைத் தொடாது என்னும் கணக்கு அது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்வழி முடக்கப்பட்டது இவ்வகைக் கும்பல் ஒன்றினாலேயே. அந்நிறுவனம் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை செலுத்தியது. அதில் ஒரு பகுதி பின்னர் மீட்கப்பட்டது.

கேள்வி கேட்காத சமூகம்

மேற்கு ஆப்பிரிக்காவில் குறை கணினித் திறமையைச் சார்ந்ததாக இருக்கவில்லை. அது நம்பிக்கையின் சிதைவில் தொடங்கியது. 1980களில் எண்ணெய் விலை சரிந்தபோது நைஜீரியாவின் பொருளாதாரமும் சரிந்தது. பட்டம் பெற்றோர் வேலையின்றி நின்றனர். அதே காலத்தில் ஆட்சியாளர் பொதுப்பணத்தைக் கவர்வதை அவர்கள் நாள்தோறும் கண்டனர். 1998இல் இறந்த இராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா வெளிநாட்டு வங்கிகளில் பதுக்கிய பெருந்தொகைகளைச் சுவிட்சர்லாந்து முதலிய நாடுகள் பின்னாளில் நைஜீரியாவுக்குத் திருப்பித் தந்தன.

‘மறைந்த தலைவரின் பணம் முடங்கிக் கிடக்கிறது, அதை வெளிக்கொணர உதவினால் பங்கு தருகிறோம்’ என்னும் மடல்கள் முதலில் அஞ்சலிலும், பிறகு தொலைநகலிலும், பின்னர் மின்னஞ்சலிலும் உலகெங்கும் சென்றன. அம்மடல்களைப் பலர் நம்பியமைக்குக் காரணம், அவை கூறிய பெருங்களவு மெய்யாகவே நடந்திருந்ததுதான். மேலிருந்தோரின் களவு கீழிருந்தோரின் பொய்க்குச் சான்றாயிற்று. இம்மோசடிக்கு வழங்கும் ‘419’ என்னும் பெயர், அதைத் தண்டிக்கும் நைஜீரியக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணே ஆகும்.

இத்தொழிலில் இறங்கிய இளைஞர்களை அந்நாட்டார் ‘யாஹூ பாய்ஸ்’ என்றனர். அவர்களைப் பற்றிக் கேலிப் பாடல்கள் எழுந்தன. அவை திருமண விருந்துகளிலும் ஒலித்தன. மேலைநாட்டார் முன்னாளில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுசென்றதையே திரும்பப் பெறுகிறோம் என்று நியாயம் பேசியோரும் உண்டு. ரமோன் அப்பாஸ் என்பவர் துபாயில் அமர்ந்து, கார்களையும் கைக்கடிகாரங்களையும் தனிவிமானப் பயணங்களையும் இன்ஸ்டாகிராமில் காட்டி, இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோரைத் தம்மைப் பின்தொடரச் செய்தார். 2020 ஜூனில் அவர் கைதானார். 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அவருக்குப் பதினோரு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அதுவரை அவரைப் பார்த்து ஏங்கிய இலட்சக்கணக்கான இளைஞர்களில் எத்தனை பேர் அப்பொருளின் தோற்றுவாயைப் பற்றி வினவியிருப்பர்?

2019இல் நைஜீரியப் பொருளாதாரக் குற்றத்தடுப்பு ஆணையத்தின் தலைவர், மோசடியில் ஈடுபடும் இளைஞர்களின் தாய்மார்கள் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டிருப்பதாக வருத்தத்துடன் கூறினார். மகன் கொண்டுவரும் பணம் வீட்டின் கடனை அடைக்கிறது. தம்பியின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துகிறது. தாயின் நாவில் வரவேண்டிய கேள்வி அங்கேயே தங்கிவிடுகிறது. இப்பலகை மற்றெல்லாப் பலகைகளையும்விட வலியது.

பணத்தை நாடாத குற்றம்

இதற்கு நேர்மாறானது இங்கிலாந்தின் நிலை. 2015இல் டாக்டாக் என்னும் தொலைபேசி நிறுவனத்தின் கணினிகளுக்குள் சிலர் புகுந்து, ஏறத்தாழ 1,57,000 வாடிக்கையாளரின் விவரங்களைக் கவர்ந்தனர். தொடர்புடையோருள் ஒருவன் பதினேழு வயதுச் சிறுவன். நண்பர்கள் முன் பெருமை காட்டவே அவ்வாறு செய்ததாக அவன் நீதிமன்றத்தில் கூறினான். பிரிட்டனின் தேசியக் குற்றத்தடுப்பு முகமை 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உணர்த்தியது. இளையோர் இக்குற்றங்களில் இறங்குவதற்குப் பணம் முதன்மைக் காரணமாக இல்லை. அறைகூவலை வென்ற மகிழ்ச்சியும், இணையத்தில் பழகும் தோழரிடையே கிடைக்கும் மதிப்பும் அவர்களை இழுத்தன.

பள்ளியிலும் வீட்டிலும் கிடைக்காத பாராட்டை முகம் தெரியாதோர் தருவராயின், சிறுவர் அவர்பால் செல்வர். அந்நாட்டு அரசு இதை உணர்ந்து, இத்தகைய சிறுவர்களைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, அவர்தம் திறமையை நல்வழியில் செலுத்தும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. நிரல் எழுதும் கையைத் தண்டிப்பதற்கு முன் அதற்குத் தகுந்த வேலை தருவது அதன் நோக்கம்.

வித்யாசாகர் வாழ்ந்த மண்

இந்தியாவுக்குத் திரும்பினால், முதலில் நினைவுக்கு வருவது ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாம்தாரா மாவட்டம். ‘உங்கள் ஏ.டி.எம். அட்டை முடக்கப்பட்டுள்ளது, வங்கியிலிருந்து பேசுகிறோம், கைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்னும் அழைப்புகளால் அது நாடறிந்த பெயராயிற்று. அப்பெயரிலேயே 2020இல் ஒரு தொடரும் வெளிவந்தது.

அம்மாவட்டத்தில்தான் கர்மாட்டார் என்னும் ஊர் உள்ளது. வங்கத்தின் பேரறிஞர் ஈசுவர சந்திர வித்யாசாகர் தம் வாழ்வின் பிற்பகுதியில் பல ஆண்டுகளைச் சந்தால் பழங்குடி மக்களிடையே அங்கே கழித்தார். அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயுற்றோர்க்கு மருந்தும் அளித்தார். அவ்வூர் இரயில் நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. எந்த மண்ணும் இயல்பில் தீயதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. நல்ல பள்ளியும் நிலையான வேலையும் எட்டாத ஊரில், மலிவான கைபேசியும் பிறர் பெயரில் பெற்ற சிம் அட்டையும் முதலில் வந்து சேர்ந்தன. அதுவே அவ்வூர் இளைஞருள் சிலரை அவ்வழியில் இட்டுச் சென்றது. முகம் காணாத தொலைவில் இருப்பவரின் அழுகுரல் அவர்கள் காதில் விழுவதில்லை.

அரியானாவின் நூஹ் மாவட்டமும் அத்தகையதே. தில்லிக்கு அருகில், வானளாவும் அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த குருகிராமுக்கு அண்டையில் இருந்தும், 2018இல் நிதி ஆயோக் வெளியிட்ட பின்தங்கிய மாவட்டங்களின் தரவரிசையில் அதுவே கடையிடம் பெற்றது. 2023 ஏப்ரலில் ஏறத்தாழ 5,000 காவலர்கள் அம்மாவட்டத்தின் 14 ஊர்களில் ஒரே இரவில் சோதனை நடத்தினர். பக்கத்து ஊரின் செல்வம் கண்ணுக்குத் தெரிந்து, அதற்குச் செல்லும் நேர்வழி மட்டும் தெரியாதிருக்கும் நிலை எத்தகையது என்பதை அம்மாவட்டம் காட்டுகிறது.

மூன்றாவது ஒரு வகையும் இந்தியாவில் உண்டு. 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோடு பகுதியில், அமெரிக்க வரித்துறை அலுவலர் போலப் பேசி அந்நாட்டாரை அச்சுறுத்திப் பணம் பறித்த அழைப்பு மையங்களைக் காவல்துறை முற்றுகையிட்டது. 700க்கும் மேற்பட்டோர் பிடித்துவைக்கப்பட்டனர். அவர்கள் படித்த இளைஞர்கள். மாத ஊதியம் பெற்றவர்கள். பேசவேண்டிய சொற்கள் அவர்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தன. மேசையும் ஊதியமும் மேலாளரும் இருந்தால் அது ‘வேலை’ என்று மனம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும். குற்றத்திற்கு அலுவலகத்தின் தோற்றம் கிடைத்துவிட்டால் குற்ற உணர்வு மழுங்கிவிடுகிறது.

அடைபட்டோரின் களவு

வேலை தேடிச் சென்று குற்றத்தில் சிக்கியோரின் மிகக் கொடிய நிலையைக் கம்போடியாவிலும் மியான்மரிலும் காணலாம். கம்போடியாவின் சிஹனூக்வில் நகரில் சூதாட்ட விடுதிகள் பெருகியிருந்தன. 2019இல் அந்நாடு இணையச் சூதாட்டத்தைத் தடை செய்தது. அடுத்த ஆண்டில் பெருந்தொற்று வந்து பயணிகளின் வரவை நிறுத்தியது. வெறுமையான கட்டடங்களை மோசடிக் கும்பல்கள் நிரப்பின. தாய்லாந்தின் எல்லையாகிய மோய் ஆற்றின் மறுகரையில், மியான்மரின் மியாவாடிப் பகுதியில், ஆயுதக் குழுக்களின் நிழலில் மதில் சூழ்ந்த வளாகங்கள் எழுந்தன.

அவ்வளாகங்களில் பணிபுரிய ஆட்கள் வேண்டுமே! ‘தாய்லாந்தில் தரவுப் பதிவு வேலை, நல்ல ஊதியம், விசாவும் விமானச் சீட்டும் எங்கள் செலவு’ என்னும் விளம்பரம் பல நாட்டு இளைஞர்களை ஈர்த்தது. சென்று இறங்கியோரின் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. நாளொன்றுக்கு இத்தனை பேரை ஏமாற்றவேண்டும் என்னும் இலக்கு விதிக்கப்பட்டது. தவறியோர் அடியுண்டனர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வலுக்கட்டாயமாக மோசடியில் ஈடுபடுத்தப்பட்டிருக்கக்கூடும் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது.

இக்கதையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உளர். 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட தமிழ் இளைஞர் சிலர் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படையின் விமானங்கள் இரண்டு நாள்களில் 549 இந்தியரைத் தாயகம் கொண்டுவந்தன. தொலைபேசியில் இனிமையாகப் பேசி ஒரு முதியவரின் சேமிப்பைக் கரைத்தவன், மறுமுனையில் தானும் பூட்டிய அறையில் அழுதுகொண்டிருந்திருக்கலாம். கள்வன் யார், களவுக்கு இரையானவன் யார் என்னும் எல்லைக்கோடு அங்கே மங்கிவிடுகிறது.

ஓர் அரசின் களவு

தனிமனிதரும் கும்பலும் மட்டுமன்றி, ஓர் அரசே இதில் ஈடுபடுவதாக அமெரிக்க அரசும் ஐக்கிய நாடுகளின் வல்லுநர் குழுவும் குற்றம் சாட்டியுள்ளன. வட கொரியா அதனை மறுத்துவருகிறது. பொருளாதாரத் தடைகளால் வெளிநாட்டுப் பணம் வரும் வாயில்கள் அடைபட்ட அந்நாடு, இளமையிலேயே கணிதத் திறன் மிக்க மாணவரைத் தேர்ந்து இத்துறைக்குப் பயிற்றுவிக்கிறது என்பர்.

2016 பிப்ரவரியில் வங்காளதேச நடுவண் வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தோர், நியூயார்க்கில் இருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து 95 கோடி டாலரை மாற்றுமாறு 35 கட்டளைகளை அனுப்பினர். டாக்காவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. நியூயார்க்கில் அடுத்த இரு நாள்கள் விடுமுறை. மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. அவ்விடுமுறைகளின் இடைவெளியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலா வழியாகச் சூதாட்ட விடுதிகளுக்குச் சென்று மறைந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. பெறுநரின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்னும் சொல் ‘ஃபாண்டேஷன்’ எனப் பிழையாக எழுதப்பட்டிருந்தது, வழியில் இருந்த வங்கி ஐயுற்றது, பணம் திரும்பியது. ஓர் எழுத்துப்பிழை ஒரு நாட்டின் செல்வத்தைக் காத்த நிகழ்ச்சி அது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்னும் கிரிப்டோ நாணயச் சந்தையிலிருந்து 150 கோடி டாலர் மதிப்புள்ள நாணயம் கவரப்பட்டபோதும் அமெரிக்கப் புலனாய்வுத் துறை வட கொரியாவையே சுட்டியது.

பலகைகளைப் பெயர்க்கும் வழி

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். மணிலாவில் எட்டாத கட்டணமும் இல்லாத சட்டமும். செல்யாபின்ஸ்கில் வேலையற்ற திறமை. ரம்னிகு வல்சியாவில் பக்கத்து வீட்டாரின் கார். லாகோஸில் மேலோரின் களவும் வீட்டாரின் மௌனமும். இங்கிலாந்தில் பாராட்டுக்கான ஏக்கம். நூஹில் அண்டை நகரின் ஒளி. மீரா ரோட்டில் அலுவலகத்தின் போர்வை. மியாவாடியில் அடியும் பூட்டும். வட கொரியாவில் அரசின் நெருக்கடி. பாலத்தின் பலகைகள் இவை. இவற்றைக் கூறுவது கள்வருக்காக வாதாடுவது ஆகாது. நூஹ் மாவட்டத்தில் நேர்வழியில் உழைப்போரே மிகுதி. செல்யாபின்ஸ்கின் பொறியாளருள் மிகப் பலர் எக்கணினியிலும் திருடிப் புகவில்லை. பலகை கிடந்தாலும் அதன்மேல் கால் வைப்பது அவரவர் தேர்வே. ஆயினும் பலகையைப் பெயர்த்தெடுப்பது சமூகத்தின் கடமை.

அது இயலாததன்று. ருமேனியாவிலேயே அதற்கு நல்ல சான்று உண்டு. 2001இல் புக்கரெஸ்ட் நகரில் தோன்றிய பிட்டிஃபெண்டர் நிறுவனம், இன்று உலகெங்கும் கணினிகளை நச்சுநிரல்களிலிருந்து காக்கிறது. 2018இல் கேண்ட்கிராப் என்னும் பிணைத்தொகை நிரலால் பூட்டப்பட்ட கோப்புகளைத் திறக்கும் கருவியை, ருமேனியக் காவல்துறையுடனும் ஐரோப்பியக் காவல் அமைப்புடனும் சேர்ந்து உருவாக்கி அது இலவசமாக வழங்கியது. ரம்னிகு வல்சியாவின் மோசடியும் புக்கரெஸ்டின் இக்காவலும் ஒரே கல்வி மரபில் வந்த ஒரே தலைமுறையின் செயல்கள். வேலை கிடைத்த திறமை காவலாயிற்று.

வேலை தருவதும் சட்டம் இயற்றுவதும் அரசின் பணி. குடும்பங்களின் கையில் உள்ள பலகை ஒன்று உண்டு. அது பணத்தைப் பற்றிய மௌனம். இன்று தமிழ்நாட்டிலும் கல்லூரி மாணவர் சிலர், ‘உன் வங்கிக் கணக்கைச் சில நாள் தா, வரும் தொகையில் பங்கு தருகிறோம்’ என்னும் சொல்லுக்கு இசைந்துவிடுகின்றனர். பல மாநிலங்களில் பறித்த பணம் அத்தகைய கணக்குகளின் வழியேதான் பாய்ந்து மறைகிறது. கணக்கு வைத்திருந்த மாணவர் எவரையும் தொலைபேசியில் மிரட்டவில்லை. எவருடைய கடவுச்சொல்லையும் கேட்கவில்லை. ஆயினும் காவல்துறை முதலில் வந்து நிற்பது அவர் வீட்டு வாயிலில்தான். பிள்ளையின் கையில் திடீரெனப் புதிய கைபேசி தோன்றினால், ‘இதற்குப் பணம் ஏது?’ என்று அன்புடன் கேட்கும் பெற்றோர் அப்பலகையைப் பெயர்க்கின்றனர். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் மகனை அனுப்பும் முன், அம்முகவர் நடுவண் அரசில் பதிவு பெற்றவரா என்று விசாரிக்கும் தந்தை ஓர் உயிரையே காக்கக்கூடும்.

இழந்தோர்பால் காட்டும் பரிவும் அத்துணை இன்றியமையாதது. ‘இவ்வளவு படித்தும் ஏமாந்தீர்களா?’ என்னும் ஒரு சொல், ஏமாந்தவரை வாய் மூடச் செய்கிறது. அவர் மூடிய வாய் கள்வருக்கு அரணாகிறது. தொலைபேசி வழியே ஒருவரைக் கைது செய்யும் முறை இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. பணம் பறிபோனால் அக்கணமே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். விரைவாகத் தெரிவித்தால் பணம் கைமாறும் முன் முடக்கிவைக்க வழியுண்டு. வீட்டில் உள்ள முதியவர் தம் பிழையை அஞ்சாமல் உடனே கூறத்தக்க சூழல் அவ்வீட்டில் இருந்தால்தான் அந்த எண்ணும் பயன்படும்.

பிறர் பொருளின்மேல் எழும் விழைவை மனித உள்ளத்திலிருந்து முற்றும் களைவது எளிதன்று. அவ்விழைவு களவாக மாறாமல் தடுப்பதோ வீட்டின் கூடத்திலேயே தொடங்கக்கூடிய செயல். வந்த பணத்தை எண்ணுவதற்கு முன், அது வந்த வழியை வினவும் வழக்கம் ஒவ்வொரு குடும்பத்திலும் நிலைபெறுக. பிள்ளைகள் நேர்வழியில் ஈட்டும் சிறு தொகையும் அவ்வீடுகளில் பெருமையுடன் வரவேற்கப்படுக.